கையடக்க டாப்ளர் கருவியால் இரத்த அழுத்தம் அளத்தல்

கையடக்க டாப்ளர் இரத்த அழுத்த அளவீடு என்பது, தமனியில் ஓடும் இரத்தத்தின் அசைவை மீயொலி அலைகளால் கண்டறிந்து, அதன் துணையோடு இரத்த அழுத்தத்தை அளக்கும் முறையாகும். கையிலோ காலிலோ சுற்றப்படும் காற்றுப்பட்டையும் அழுத்தமானியும் வழக்கமானவையே. ஸ்டெதாஸ்கோப்பு வைக்கும் இடத்தில் மட்டும் பேனா அளவிலான டாப்ளர் ஆய்முனை வைக்கப்படுகிறது. பட்டையின் காற்றை மெல்ல இறக்கும்போது, அடைபட்டிருந்த தமனியில் இரத்தம் மீண்டும் பாயும் ஓசை எந்த அழுத்தத்தில் முதன்முதலாகக் கேட்கிறதோ, அந்த அழுத்தமே அளவாகக் குறிக்கப்படுகிறது.

நாடி மிக மெலிந்திருக்கும்போதும், ஸ்டெதாஸ்கோப்பில் ஓசை கேட்காத இடங்களிலும் இம்முறை பயன்படுகிறது. கணுக்காலில் அழுத்தம் அளந்து கால் தமனி அடைப்பைக் கண்டறிதல், இதயத் துணை இயந்திரம் பொருத்தப்பட்டவர்களைக் கண்காணித்தல், பச்சிளங்குழந்தைகள், கால்நடை மருத்துவம் ஆகியவை இதன் முக்கியப் பயன்பாடுகள். இம்முறை பொதுவாக ஒரே ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண் எந்த அழுத்தத்தைக் குறிக்கிறது என்பது நோயாளியைப் பொறுத்து மாறக்கூடும் என்பதால், அதைச் சரியாகப் பொருள்கொள்வது அளப்பதைப் போலவே முக்கியமானது.

பின்னணி

காற்றுப்பட்டையைக் கொண்டு இரத்த அழுத்தம் அளக்கும் முறையை இத்தாலிய மருத்துவர் சிப்பியோனே ரிவா-ரோச்சி 1896இல் வெளியிட்டார். மேற்கையைப் பட்டையால் இறுக்கி, மணிக்கட்டு நாடி விரலுக்குத் தட்டுப்படாமல் போகும் அழுத்தத்தைப் பாதரசமானியில் பார்ப்பது அவரது முறை. இதயம் சுருங்கும்போது தமனியில் எழும் உச்ச அழுத்தமான சுருக்கழுத்தம் மட்டுமே இதில் கிடைத்தது. 1905இல் உருசிய மருத்துவர் நிக்கொலாய் கொரொட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பு வைத்துக் கேட்டால் காற்றை இறக்கும்போது ஓசைகள் தோன்றி மறைவதை விளக்கினார். முதல் ஓசை சுருக்கழுத்தத்தையும், ஓசை மறையும் இடம் விரிவழுத்தத்தையும் காட்டின. '120/80' என்று இரண்டு எண்களாகச் சொல்லும் வழக்கம் இதன்மேல் அமைந்தது.

கொரொட்கோவ் ஓசைகள் பாதி நசுங்கிய தமனியில் இரத்தம் திடீரெனப் பாய்ந்து சுவரை அதிரச் செய்வதால் எழுபவை. அந்த அதிர்வு காதுக்கு எட்ட, ஒவ்வொரு துடிப்பிலும் போதிய வலுவுடன் இரத்தம் வரவேண்டும். அதிர்ச்சி நிலையில் இருப்பவரிடமும், பச்சிளங்குழந்தையிடமும், அடைப்புள்ள காலிலும் அந்த வலு இருப்பதில்லை. ஆனால் ஓசை கேட்கவில்லை என்பதற்கு இரத்தம் ஓடவில்லை என்று பொருளில்லை. இந்த இடைவெளியை டாப்ளர் கருவி நிரப்புகிறது. அது தமனிச் சுவரின் அதிர்வுக்குக் காத்திராமல், நகரும் இரத்த அணுக்களையே கண்டறிகிறது. ஒருவகையில் இது ரிவா-ரோச்சியின் முறைக்குத் திரும்புவதே. நாடி பார்த்த விரலின் இடத்தில் மீயொலி வந்திருக்கிறது.

டாப்ளர் விளைவும் மருத்துவமும்

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் 1803இல் பிறந்த கிறித்தியான் டாப்ளர், 1842இல் பிராகா நகரில் இரட்டை விண்மீன்களின் நிறம் குறித்து ஒரு கட்டுரை வாசித்தார். அலையை வெளியிடும் பொருளும் அதைப் பெறுபவரும் ஒன்றையொன்று நெருங்கினால் அலையின் அதிர்வெண் உயர்வதாகவும், விலகினால் குறைவதாகவும் தோன்றும் என்பது அவரது கருத்து. 1845இல் நெதர்லாந்தின் பய்ஸ் பாலட், ஓடும் தொடர்வண்டியில் எக்காளம் ஊதுவோரை ஏற்றி, ஒலிக்கும் இது பொருந்துவதைக் காட்டினார். ஆம்புலன்சு நெருங்கும்போது அதன் சைரன் ஒலி உயர்ந்தும், கடந்து சென்றதும் தாழ்ந்தும் கேட்பது இதே விளைவுதான்.

இவ்விளைவை உடலுக்குள் பயன்படுத்தும் முயற்சி 1950களில் சப்பானின் ஒசாகாவில் சிகெயோ சதோமுராவின் ஆய்வுகளில் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இராபர்ட் ரஷ்மர், டீன் பிராங்க்ளின் முதலானோர் இரத்த ஓட்டத்தை அறியும் டாப்ளர் கருவிகளை உருவாக்கினர். அதே நகரில் அறுவை மருத்துவர் யூஜின் ஸ்ட்ராண்ட்னெஸ் அவற்றைக் கால் தமனி நோயாளிகளிடம் பயன்படுத்தினார். அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் காற்றுப்பட்டையும் டாப்ளரும் சேர்ந்த அழுத்த அளவீடு மருத்துவ இதழ்களில் இடம்பெற்றுவிட்டது.

செயற்படும் விதம்

ஆய்முனையின் நுனியில் இரண்டு சிறு அழுத்தமின் படிகங்கள் இருக்கும். ஒன்று இடைவிடாது மீயொலியை அனுப்பும். மற்றொன்று திரும்பி வரும் எதிரொலியைப் பெறும். அசையாத தசை, எலும்பு ஆகியவற்றிலிருந்து திரும்பும் அலையின் அதிர்வெண் மாறுவதில்லை. ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மட்டும் மாறுகிறது. அனுப்பியதற்கும் பெற்றதற்கும் உள்ள வேறுபாட்டைக் கருவி பிரித்தெடுத்து ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது.

இந்த வேறுபாடு தற்செயலாகவே மனிதக் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் விழுகிறது. எடுத்துக்காட்டாக, 8 மெகாஹெர்ட்ஸ் அலையை 60 பாகைக் கோணத்தில் செலுத்துவதாகவும், இரத்தம் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடுவதாகவும் கொள்வோம். திசுவில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர். அப்போது கிடைக்கும் வேறுபாடு சுமார் 2,600 ஹெர்ட்ஸ். ஆகவே படமோ திரையோ இல்லாமல், ஒரு சிறு ஒலிபெருக்கி கொண்டே கருவி வேலை செய்ய முடிகிறது.

ஆய்முனை தமனிக்குச் செங்குத்தாக நின்றால், இரத்தம் அதை நெருங்குவதும் இல்லை, விலகுவதும் இல்லை. எனவே ஓசை மங்கிவிடும். அதனால்தான் தோலுக்கு 45 முதல் 60 பாகைச் சாய்வில் பிடிக்கிறார்கள். ஆய்முனைக்கும் தோலுக்கும் இடையே காற்று இருந்தால் மீயொலி உள்ளே செல்லாது. அதைத் தவிர்க்கவே ஜெல் தடவப்படுகிறது.

அதிர்வெண் உயர உயர மீயொலி ஊடுருவும் ஆழம் குறையும். மணிக்கட்டு, கணுக்கால் போன்ற தோலருகே ஓடும் தமனிகளுக்கு 8 மெகாஹெர்ட்ஸ் ஆய்முனையும், வீக்கமுள்ள அல்லது பருத்த கால்களுக்கு 5 மெகாஹெர்ட்ஸ் ஆய்முனையும் பொருந்தும். கருவின் இதயத்துடிப்பைக் கேட்கும் கருவிகள் 2 அல்லது 3 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை. தோற்றத்தில் ஒன்றுபோல இருந்தாலும் அவை கணுக்கால் தமனிக்கு ஏற்றவையல்ல.

ஓசையை இனங்காணல்

தமனியும் சிரையும் அடுத்தடுத்து ஓடுவதால் எதைக் கேட்கிறோம் என்று அறிவது முதல் பாடம். தமனியின் ஓசை இதயத்துடிப்போடு ஒத்து, கூர்மையாக விட்டுவிட்டு வரும். சிரையின் ஓசை காற்று வீசுவது போலத் தாழ்ந்து, மூச்சோடு ஏறி இறங்கும். நலமான கால் தமனியில் ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு மூன்று அடுக்காக ஓசை கேட்கும்: முன்னோக்கிய பாய்ச்சல், சிறு பின்னோட்டம், மீண்டும் ஒரு மெல்லிய முன்னோட்டம். மேலே அடைப்பு இருந்தால் இந்த அடுக்குகள் குலைந்து, மந்தமான ஒற்றை ஓசையாகிவிடும். அழுத்தம் அளப்பதற்கு முன்பே பழகிய காதுக்கு இது ஒரு செய்தி.

அளக்கும் முறை

1. நோயாளி குறைந்தது 5 நிமிடம் ஓய்வாக இருக்கவேண்டும். கையில் மட்டும் அளப்பதானால் உட்கார்ந்திருக்கலாம். கணுக்காலிலும் அளப்பதானால் மல்லாந்து படுத்திருக்கவேண்டும்.

2. பொருத்தமான பட்டையைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பட்டைக்குள் உள்ள காற்றுப்பையின் அகலம் கைச்சுற்றளவில் சுமார் 40 விழுக்காடும், நீளம் சுமார் 80 விழுக்காடும் இருக்கவேண்டும். பட்டை சிறிதானால் அளவு பொய்யாக உயரும், பெரிதானால் குறையும்.

3. பட்டைக்குக் கீழே தமனி ஓடும் இடத்தில் ஜெல் தடவி, ஆய்முனையைச் சாய்வாக வைத்து, ஓசை மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தை மெல்ல நகர்த்தித் தேடவேண்டும். கையில் முழங்கை மடிப்பிலோ மணிக்கட்டிலோ, காலில் உட்கணுக்காலுக்குப் பின்னாலோ பாதத்தின் மேற்புறத்திலோ தமனி கிடைக்கும்.

4. ஆய்முனையை அழுத்தாமல் பிடிக்கவேண்டும். தோலருகே ஓடும் தமனி லேசான அழுத்தத்திலேயே மூடிக்கொள்ளும்.

5. ஓசை மறையும் வரை பட்டையில் காற்றேற்றி, அதற்கு மேலும் 20 முதல் 30 மி.மீ. பாதரச அளவு ஏற்றவேண்டும்.

6. நொடிக்கு ஏறத்தாழ 2 மி.மீ. வீதம் காற்றை இறக்கவேண்டும். முதல் ஓசை மீண்டும் கேட்கும் இடத்தில் அழுத்தமானி காட்டும் எண்ணைக் குறிக்கவேண்டும். இந்நேரம் முழுவதும் ஆய்முனை இருந்த இடத்தைவிட்டு அசையக்கூடாது.

7. பட்டையை முழுதும் தளர்த்தி, சிறிது இடைவெளிவிட்டு மீண்டும் அளக்கவேண்டும். இதயத்துடிப்பு ஒழுங்கற்றவர்களிடம் துடிப்புக்குத் துடிப்பு அழுத்தம் மாறும் என்பதால் பலமுறை அளந்து சராசரி எடுக்கப்படுகிறது.

ஆறாம் படியில்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. கையோ ஆய்முனையோ ஒரு மில்லிமீட்டர் நழுவினால் ஓசை தவறிப்போகும். பின்னர் தாழ்ந்த அழுத்தத்தில் அதைக் கண்டுபிடிப்பவர், உண்மையைவிடக் குறைந்த எண்ணைக் குறித்துவிடுவார். அளந்து முடித்து, பட்டை தளர்ந்த பின்னும் ஓசை அதே தெளிவோடு கேட்கிறதா என்று பார்ப்பது இதைக் கண்டுகொள்ள எளிய வழி.

முதல் ஓசைக்குப் பின் இரத்த ஓட்டம் விடாது கேட்டுக்கொண்டிருக்கும். கொரொட்கோவ் ஓசையைப் போலத் தெளிவான மறைவு இங்கே இல்லாததால், விரிவழுத்தத்தை நம்பத்தக்க முறையில் அளக்க முடிவதில்லை.

கணுக்கால்-புயச் சுட்டெண்

கையடக்க டாப்ளர் மிகுதியாகப் பயன்படுவது கால்களின் தமனி அடைப்பைக் கண்டறிவதில்தான். புகைபிடிப்போர், நீரிழிவு நோயாளிகள், முதியோர் ஆகியோரிடம் கால் தமனிகள் மெல்ல மெல்லக் குறுகுகின்றன. சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றால் தணிவது இதன் வழக்கமான அறிகுறி. பலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. விரலில் ஆறாத புண் வந்த பிறகே நோய் தெரியவருகிறது.

படுத்திருக்கும் நலமான ஒருவருக்குக் கணுக்காலின் சுருக்கழுத்தம் கையின் அழுத்தத்துக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். வழியில் அடைப்பு இருந்தால் அது குறையும். டிராவிஸ் வின்சர் 1950இல் இந்த ஒப்பீட்டை விவரித்தார். 1969இல் யாவோவும் உடன் பணியாற்றியோரும் இதை டாப்ளரோடு இணைத்து மருத்துவப் பயன்பாட்டில் நிலைபெறச் செய்தனர்.

இரு கைகளிலும், ஒவ்வொரு காலிலும் இரு தமனிகளிலும் சுருக்கழுத்தம் அளக்கப்படும். ஒரு காலின் இரு அளவுகளில் உயர்ந்ததை, இரு கைகளின் அளவுகளில் உயர்ந்ததால் வகுத்தால் அக்காலின் சுட்டெண் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு வலக்கையில் 136, இடக்கையில் 130. வலக்காலில் 96, 88. இடக்காலில் 144, 140 என்று கொள்வோம். வலக்காலின் சுட்டெண் 96ஐ 136ஆல் வகுக்கக் கிடைக்கும் 0.71. இடக்காலுக்கு 144ஐ 136ஆல் வகுக்க 1.06. வலக்காலில் தமனி நோய் இருக்கிறது. இடக்கால் இயல்பாக உள்ளது.

பொருள்கொள்ளும் வரையறைகள்:

1.00 முதல் 1.40 வரை: இயல்பு.
0.91 முதல் 0.99 வரை: எல்லைக்கோட்டு நிலை.
0.90 அல்லது அதற்குக் குறைவு: புறத் தமனி நோய்.
1.40க்கு மேல்: தமனி இறுகியுள்ளது, இந்த எண்ணை நம்பமுடியாது.

கடைசி வரி நீரிழிவு நோயாளிகளிடம் மிக முக்கியமானது. நெடுநாள் நீரிழிவிலும் சிறுநீரகச் செயலிழப்பிலும் தமனிச் சுவரில் சுண்ணம் படிந்து, குழாய் விறைத்துவிடும். பட்டை எவ்வளவு இறுக்கினாலும் அது நசுங்காது. உள்ளே அழுத்தம் குறைவாக இருந்தும் ஓசை மறையாததால் எண் பொய்யாக உயர்கிறது. உயர்ந்த எண்ணைப் பார்த்து இரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்தால், காப்பாற்றக்கூடிய காலை இழக்க நேரிடலாம். விறைப்பு மிதமாக இருந்து, நோயும் இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிச் சுட்டெண் இயல்பாகவே தோன்றுவதும் உண்டு. ஆகவே ஆறாத புண் உள்ள நீரிழிவு நோயாளியிடம் இயல்பான சுட்டெண் ஆறுதல் தரக்கூடிய செய்தியன்று. விரல் தமனிகளில் சுண்ணம் படிவது குறைவு என்பதால், அத்தகையோருக்குக் கால் பெருவிரலில் சிறு பட்டை சுற்றி அளக்கப்படுகிறது. பெருவிரல் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுக்கக் கிடைப்பது 0.70க்குக் குறைந்தால் நோய் உள்ளதாகக் கொள்ளப்படும்.

கால் புண்ணுக்கு அழுத்தக்கட்டு போடுவதற்கு முன்பும் இச்சோதனை தேவை. சிரைக் கோளாறால் வந்த புண்ணுக்கு இறுக்கமான கட்டு நல்ல மருத்துவம். அதே கட்டைத் தமனி அடைப்புள்ள காலில் போட்டால், எஞ்சியிருக்கும் இரத்த ஓட்டமும் தடைபட்டுத் திசு அழுகக்கூடும். சுட்டெண் 0.8க்கு மேல் இருந்தால் பொதுவாக முழு அழுத்தக்கட்டு போடப்படுகிறது, 0.5க்குக் கீழ் இருந்தால் தவிர்க்கப்படுகிறது.

இதயத் துணை இயந்திரம் உள்ளவர்களிடம்

தீவிர இதயச் செயலிழப்பில் இடது கீழறையோடு பொருத்தப்படும் இயந்திரங்கள், சுழலும் விசிறி போன்ற அமைப்பால் இரத்தத்தை இடைவிடாமல் பெருந்தமனிக்குள் தள்ளுகின்றன. இரத்தம் அலையலையாக வராமல் ஒரே சீராக ஓடுவதால், இவர்களில் பலருக்கு மணிக்கட்டில் நாடி தட்டுப்படாது. ஸ்டெதாஸ்கோப்பில் ஓசை இராது. தானியங்கி அழுத்தமானிகள் துடிப்பின் அதிர்வை நம்பி இயங்குவதால் அவையும் பெரும்பாலும் பிழை காட்டி நின்றுவிடும். நாடி இல்லை என்பதை மட்டும் வைத்து, உணர்வோடு பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் நிலையை மதிப்பிட முடியாது.

இங்கே டாப்ளரில் முதலில் கேட்கும் ஓசை தனிப் பெயரோடு 'தொடக்க அழுத்தம்' எனக் குறிக்கப்படுகிறது. நாடியே இல்லாதவரிடம் உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் இடையே வேறுபாடு மிகச் சிறிது என்பதால், அந்த எண் சராசரித் தமனி அழுத்தத்துக்கு அருகில் இருக்கும். நாடி ஓரளவு தட்டுப்படுபவரிடம் அதே எண் சுருக்கழுத்தத்துக்கு அருகில் இருக்கும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் மருந்தைக் கூட்டினால், உண்மையான சராசரி அழுத்தம் மிகவும் தாழ்ந்துவிடக்கூடும். அதனால் எண்ணோடு, நாடி தட்டுப்பட்டதா இல்லையா என்பதையும் எழுதிவைப்பது நல்ல வழக்கம்.

இவர்களிடம் சராசரி அழுத்தம் பொதுவாக 90 மி.மீ.க்கு மிகாமல் வைக்கப்படுகிறது. அழுத்தம் உயர்ந்தால் இயந்திரம் தள்ளும் இரத்தத்தின் அளவு குறையும். பக்கவாதத்துக்கான வாய்ப்பும் கூடும். ஆகவே பலர் வெளிநோயாளியாக வரும் ஒவ்வொரு முறையும் டாப்ளராலேயே அளக்கப்படுகிறார்கள்.

பிற பயன்பாடுகள்

அதிர்ச்சி நிலையில் இரத்தக் குழாய்கள் சுருங்கி, கைகால்கள் குளிர்ந்து, கொரொட்கோவ் ஓசை கேட்காமல் போகும்போது டாப்ளரால் சுருக்கழுத்தத்தை அறியலாம். பச்சிளங்குழந்தைகளுக்குத் தானியங்கிக் கருவிகள் இன்று பரவலாக உள்ளன. அவை எண் காட்டாதபோதும், காட்டும் எண் ஐயத்துக்கு இடமானபோதும் டாப்ளர் கைகொடுக்கிறது.

கால்நடை மருத்துவத்தில், சிறப்பாகப் பூனைகளிடம், இது பெரிதும் விரும்பப்படும் முறை. சிறுநீரக நோயும் தைராய்டு மிகைப்பும் உள்ள முதிய பூனைகளுக்கு உயர் அழுத்தம் வரும். கவனிக்காவிட்டால் விழித்திரை பெயர்ந்து திடீரெனப் பார்வை போய்விடலாம். முன்னங்காலிலோ வாலிலோ சிறு பட்டை சுற்றி, பாதத்தின் அடிப்புறத்தில் ஆய்முனை வைத்து அளப்பார்கள். கருவியின் இரைச்சல் பூனையை மிரட்டாதிருக்க மருத்துவர் காதொலிப்பான் அணிந்துகொள்வதுண்டு. முதல் அளவை ஒதுக்கிவிட்டு, அடுத்துவரும் ஐந்து முதல் ஏழு அளவுகளின் சராசரி எடுக்கப்படும். 160 மி.மீ.க்கு மேல் தொடர்ந்து இருந்தால் உயர் அழுத்தமாகக் கருதப்படுகிறது.

கவனிக்கவேண்டியவை

பட்டை சுற்றிய இடம் இதயத்தின் மட்டத்தில் இருக்கவேண்டும். 10 செ.மீ. தாழ்ந்திருந்தால் அளவு ஏறத்தாழ 7 முதல் 8 மி.மீ. கூடுதலாகக் காட்டும். உட்கார்ந்திருப்பவரின் கணுக்காலில் அளந்த எண் பயன்படாமல் போவது இதனால்தான்.

இரு கைகளுக்கிடையே 15 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால், குறைந்த பக்கத்துக் கைத் தமனியில் அடைப்பு இருக்கக்கூடும். அதைத் தெரியாமல் ஒரு கையில் மட்டும் அளந்து கணக்கிட்டால் கால் நோய் மறைந்துபோகும்.

இரத்தச் சுத்திகரிப்புக்காகத் தமனியும் சிரையும் இணைக்கப்பட்ட கையிலும், ஆழ்சிரையில் இரத்தம் உறைந்துள்ள காலிலும் பட்டையை இறுக்கக்கூடாது. புண் உள்ள இடத்தில் தூய மெல்லிய உறையால் மூடிய பிறகே பட்டை சுற்றவேண்டும்.

மீயொலிக்கென உள்ள ஜெல்லையே பயன்படுத்தவேண்டும். இதய மின்வரைவுக்கான உப்புக்கலந்த பசை ஆய்முனையின் முகப்பை அரித்துவிடும். பயன்படுத்தியதும் ஜெல்லை மென்துணியால் துடைக்கவேண்டும். ஆய்முனையைக் கொதிக்கும் நீரிலோ நீராவிக் கலனிலோ இடக்கூடாது. மின்கலம் குறைந்தால் ஓசையும் மங்கும் என்பதால், தமனி கிடைக்கவில்லை என்று முடிவு செய்வதற்கு முன் அளப்பவர் தம் சொந்த மணிக்கட்டில் கருவியை வைத்துக் கேட்டுப் பார்ப்பது வழக்கம்.